வாசகர் கேள்வி: கோடரிப் போட்டியில் ஜெயித்தது யார்?

சென்ற இதழில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் நடக்கும் கோடரிப் போட்டிகளைப் பற்றி, அதாவது யார் முதலில் கட்டையை வெட்டி முடிப்பது என்ற பந்தயங்களைப் பற்றி, நான் எழுதிய குறிப்புக்குக் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது ஒன்றுதான்: தீர்ப்பு எப்படிச் சொல்கிறார்கள்? இந்தத் தீவின் வடமேற்கில் ஒரு கோடரிச் சங்கத்துக்குப் பல பருவங்களாக ஸ்டாப்வாட்ச் பிடித்துவருகிறேன். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மரம் வெட்டுவது பிழைப்பு. அது எப்படி ஐயா விளையாட்டு ஆனது?

ஒரே வேலையை இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் செய்தால் போட்டி தானாக வந்துவிடும். 1870-இல் இங்கே அல்வர்ஸ்டன் என்ற ஊரில், யார் முதலில் மரத்தைச் சாய்ப்பது என்று இரண்டு வெட்டுக்காரர்கள் 25 பவுண்டு பந்தயம் கட்டினார்கள், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பார்கள். 1891-இல் இதே தீவின் லட்ரோப் ஊரில் கோடரிக்காரர்களுக்கென்று ஒரு சங்கமே அமைந்தது. சிட்னி ராயல் ஈஸ்டர் கண்காட்சியில் இன்றும் கோடரி அரங்கத்துக்குத் தனிக் கூட்டம் உண்டு.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஹேவர்டில் 1960 முதல் உலகப் போட்டி நடக்கிறது. டோனி வைஸ் என்பவர் தொடங்கியது. ஒருகாலத்தில் மர ஆலைக்கான கட்டைகளை மிதக்கவிட்டுச் சேர்த்துவைத்த நீர்ப்பரப்பில்தான் நடத்துகிறார்கள். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் இருக்கும் பாஸ்க் மக்களிடமும் பழைய மரபு ஒன்று உண்டு. அங்கே ஒரு கட்டை அல்ல, வரிசையாகப் பல கட்டைகளை வெட்டித் தீர்க்க வேண்டும். அது வேகத்தைவிட தாக்குப்பிடிக்கும் சக்திக்கான போட்டி. நீங்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது பெரும்பாலும், செயின்சா எனப்படும் இயந்திரச் சங்கிலி ரம்பம் தயாரிக்கும் ஸ்டில் நிறுவனம் 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய டிம்பர்ஸ்போர்ட்ஸ் தொடராக இருக்கும்.

கேள்வி: ஒரு காணொளியில் செயின்சா வைத்திருந்தவர் எல்லோருக்கும் முன்னால் முடித்தார். கையைக்கூடத் தூக்கிவிட்டார். கடைசியில் அவர் பெயருக்கு நேரே நேரமே இல்லை. அநியாயமாகப் பட்டது. என்ன நடந்திருக்கும்?

நீங்கள் பார்த்தது 'ஸ்டாக் சா' எனப்படும் பிரிவு. எல்லோருக்கும் ஒரே மாதிரி செயின்சா, 40 செ.மீ. விட்டமுள்ள கட்டை. தொடங்கும்போது செயின்சா தரையில் ஓடிக்கொண்டிருக்கும். வீரரின் இரண்டு கையும் கட்டைமேல் இருக்க வேண்டும். சமிக்ஞைக்கு முன் கை எழும்பினால் அது தப்பான தொடக்கம். அப்புறம் மேலிருந்து கீழாக ஒரு வெட்டு, கீழிருந்து மேலாக ஒரு வெட்டு. இரண்டு வெட்டிலும் ஒவ்வொரு வட்ட வில்லை விழ வேண்டும். கட்டையின் நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கோடு போட்டிருப்பார்கள். இரண்டு வில்லையும் அந்தக் கோட்டுக்குள்ளேயே வந்தாக வேண்டும்.

அவர் நேரம் போனதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். வெட்டு கோட்டைத் தாண்டியிருக்கலாம். அல்லது வில்லை முழு வட்டமாக வராமல் ஓரத்தில் பிறை போல விட்டுப்போயிருக்கலாம். இந்த இரண்டாவதைத் தூரத்திலிருந்து யாரும் பார்க்க முடியாது. அதனால்தான் கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவர் குனிந்து தரையில் கிடக்கும் வில்லைகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். வில்லையைச் சுற்றித் திருப்பிப் பார்ப்பார், கட்டையில் மிஞ்சிய கோட்டைப் பார்ப்பார். பிறகுதான் நேரம் செல்லும் அல்லது செல்லாது என்று கை காட்டுவார். கடிகாரம் நின்றதும் போட்டி முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தீர்ப்பு அந்த வில்லையில் இருக்கிறது.

எனக்கு இது அநியாயமாகத் தெரியவில்லை. முதல் வில்லையைத் தடிமனாக எடுத்தால் இரண்டாவதற்கு இடம் போதாது. ரொம்ப மெல்லிசாக எடுத்தால் ஓரம் பிய்ந்து வரும். அந்த 10 செ.மீ.-க்குள் கையை அடக்கி ஓட்டுவதுதான் இந்தப் பிரிவின் திறமை. கோடு இல்லை என்றால் இது வெறும் இயந்திரச் சத்தம்.

தண்டனையும் சின்னது அல்ல. பல பிரிவுகளைச் சேர்த்துப் புள்ளி கூட்டும் போட்டியில், ஒரு பிரிவில் தகுதி நீக்கம் என்றால் அங்கே பூஜ்யம். முதலிடத்தில் இருந்தவர் ஒரு பிறையால் கீழே போய்விடுவார்.

கேள்வி: கோடரிப் பிரிவுகளில் எந்த நொடியில் கடிகாரத்தை நிறுத்துவீர்கள்?

கட்டை இரண்டாகும் நொடியில்.

இதில் முக்கியமானவை மூன்று. கிடத்திய கட்டைமேல் ஏறி நின்று இரண்டு காலுக்கும் நடுவே வெட்டுவது 'அண்டர்ஹேண்ட்'. டிம்பர்ஸ்போர்ட்ஸில் அதற்கு 32 செ.மீ. கட்டை. நிறுத்திவைத்த கட்டையைப் பக்கவாட்டில் வெட்டுவது 'ஸ்டாண்டிங் பிளாக்', 30 செ.மீ. மூன்றாவது ஸ்பிரிங்போர்ட், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். மூன்றிலும் ஒரு பக்கம் பாதி வெட்டி, மறுபக்கம் திரும்பி மீதியை முடிக்க வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து வெட்டித் தள்ளிவிட்டால் செல்லாது.

நேரம் பார்ப்பவன் வீரரைப் பார்க்கவே கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். அவருடைய தோள், மூச்சு, முகம் எல்லாம் கண்ணை இழுக்கும். கண் கட்டையின் வெட்டுவாயில் இருக்க வேண்டும், காதும் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டு பக்க வெட்டும் நடுவில் சந்திக்க நெருங்கும்போது கோடரி விழும் சத்தம் மாறும். கெட்டியாக ஒலித்தது கொஞ்சம் உடைந்து ஒலிக்கும். அப்போது கட்டைவிரல் தயாராக வேண்டும். எங்கள் சங்கத்தில் முக்கியப் பந்தயங்களுக்கு ஒரு வீரருக்கு இரண்டு பேர் தனித்தனியாக நேரம் எடுக்கிறோம். ஒருவர் கடிகாரத்தை இன்னொருவர் பார்ப்பதில்லை.

கேள்வி: மனிதர்களை விடுங்கள். ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் கட்டை ஒரே மாதிரி இருக்குமா? ஒரு மரம் போல இன்னொரு மரம் இருக்காதே!

இந்தக் கேள்வியை எழுதிய கல்லூரி மாணவிக்கு என் வணக்கம். இத்தனை கடிதத்தில் இதுதான் விஷயத்தின் நடுவில் கை வைத்த கேள்வி. நூறு மீட்டர் ஓட்டத்தில் எட்டுப் பேருக்கும் ஒரே தரை. இங்கே ஒவ்வொருவரும் ஒரு தனி உயிரின் உடம்பை வெட்டுகிறார்கள். அது எந்தச் சரிவில் வளர்ந்தது, எந்தப் பக்கம் காற்று வாங்கியது என்பதெல்லாம் இழையில் எழுதியிருக்கும்.

முழுச் சமம் கிடைக்காது. ஆனால் அதை நோக்கி எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் மரியாதை தருகிற விஷயம். முதலில் நேராக வளர்ந்த, கணு குறைந்த மரமாகத் தேடுவார்கள். ஒரே பந்தயத்துக்கான கட்டைகளை முடிந்தவரை ஒரே மரத்திலிருந்து, அடுத்தடுத்த துண்டுகளாக எடுப்பார்கள். அடிமரத் துண்டு கெட்டி, மேலே போகப் போக இளக்கம். ஆகவே அடித்துண்டு ஒருவருக்கும் நுனித்துண்டு இன்னொருவருக்கும் போய்ச் சேரக் கூடாது. பட்டையை உரித்து, பெரிய போட்டிகளில் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே விட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். ஈரம் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். காய்ந்த கட்டை வேறு கட்டை, பச்சைக் கட்டை வேறு கட்டை. கடைசியில் சீட்டுக் குலுக்கல். எந்த எண் யாருக்கு என்பதை எந்த அதிகாரியும் முடிவு செய்வதில்லை, சீட்டுதான் முடிவு செய்கிறது.

மீதி வீரர் கையில். கட்டை கைக்கு வந்ததும் அவர் செய்வதைப் பாருங்கள். உருட்டிப் பார்ப்பார், விரலால் தடவுவார், கணு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவார். கணு வெட்டுக்கோட்டில் வராதபடி கட்டையைத் திருப்பிவைத்து, எந்தப் பக்கம் முதலில் வெட்டுவது என்று தீர்மானிப்பார். அண்டர்ஹேண்ட் என்றால் கால் வைக்கக் கட்டையில் பள்ளமும் செதுக்கிக்கொள்வார். இதெல்லாம் கடிகாரம் தொடங்கும் முன்பே அனுமதிக்கப்பட்ட வேலை. தேர்ந்த வீரர்களின் பெட்டியில் ஒரு கோடரி மட்டும் இருக்காது. கெட்டி மரத்துக்கு ஒரு விதமாகத் தீட்டியது, இளகிய மரத்துக்கு வேறு விதமாகத் தீட்டியது என்று வைத்திருப்பார்கள். மெல்லிய விளிம்புள்ள கோடரி இளமரத்தில் ஆழமாக இறங்கும், அதுவே கணுவில் பட்டால் விளிம்பு உடைந்துவிடும். நியூசிலாந்தின் மாஸ்டர்டன் ஊரில் செய்யும் டுவாடாஹி கோடரிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கை முடியைச் சிரைக்கும் அளவுக்குக் கூர்.

எனவே கட்டை கெட்டியாக வந்துவிட்டது என்பது பாதிக் காரணம்தான். அதைப் படித்தாரா, சரியான கோடரியை எடுத்தாரா என்பது மறுபாதி. இங்கே டாஸ்மேனியாவின் டேவிட் ஃபாஸ்டர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டங்கள் வென்றவர். அத்தனை பட்டமும் நல்ல கட்டை வாய்த்ததால் மட்டும் வந்திருக்க முடியாது.

கேள்வி: ஆஸ்திரேலியப் போட்டிகளில் ஒருவர் வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் சும்மா நிற்கிறாரே, ஏன்? யாரோ எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

அதுதான் ஹாண்டிகேப் பந்தயம். எனக்கு உயிரான பகுதி.

வீரர்கள் தங்கள் கட்டைக்கு முன் நிற்பார்கள். தொடக்குபவர் உரக்க எண்ணத் தொடங்குவார்: ஒன்று, இரண்டு, மூன்று... நொடிக்கு ஒன்று. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு எண் கொடுக்கப்பட்டிருக்கும். தன் எண் வரும்போதுதான் கோடரி விழலாம். புதியவருக்கும் வயதானவருக்கும் சிறிய எண், பெரும்பாலும் மூன்று. உச்சத்தில் இருக்கும் சாம்பியனுக்குப் பெரிய எண். பக்கத்தில் சில்லுகள் பறந்துகொண்டிருக்கும், அடுத்தவர் பாதிக் கட்டையை முடித்துவிட்டிருப்பார், இவர் கோடரியைப் பிடித்தபடி தன் எண்ணுக்காக நிற்பார். பிறகு இறங்குவார் பாருங்கள்! எண்கள் சரியாக அமைந்தால் கடைசி மூன்று வெட்டுக்குள் ஐந்து பேர் சேர்ந்து வந்து முடிப்பார்கள்.

இதில் முதலிடத்தைக் கடிகாரம் சொல்வதில்லை. யாருடைய கட்டை முதலில் விழுந்தது என்று முடிவுக்கான நடுவர் கண்ணால் பார்த்துச் சொல்கிறார். அப்படியானால் நான் எதற்கு ஸ்டாப்வாட்சோடு நிற்கிறேன்? அடுத்த பந்தயத்துக்காக. நான் எழுதும் நேரங்கள், யாருக்கு எந்த எண் என்று தீர்மானிக்கும் ஹாண்டிகேப்பரிடம் போகும். ஜெயித்தவருக்கு அடுத்த முறை எண் கூடும். தொடர்ந்து பின்தங்குபவருக்குக் குறையும். ஒருவர் சிறிய எண் வாங்குவதற்காக வேண்டுமென்றே மெதுவாக வெட்டுகிறாரா என்பதையும் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். கட்டை கெட்டியானதா, கை சோர்ந்ததா, மனம் ஒளிக்கிறதா என்று பிரித்தறிய நீண்ட அனுபவம் வேண்டும். கோடரி அரங்கில் மிகக் கடினமான வேலை அவருடையது என்பது என் உறுதியான எண்ணம். கைதட்டு மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை.

எண்ணுக்கு முன்னே வெட்டினால் தண்டனை உண்டு. அளவு போட்டிக்குப் போட்டி மாறும். பட்டத்துக்கான பந்தயங்களில் இந்த முறை கிடையாது, எல்லோரும் ஒன்றாகத் தொடங்குவார்கள்.

பதினாறு வயதுப் பையனும் அவன் தாத்தாவும் உலகப் பட்டம் வென்ற ஒருவரும் ஒரே வரிசையில் நின்று, மூவரில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்ற நிலை வேறு எத்தனை விளையாட்டில் இருக்கிறது? எங்கள் சங்கத்தில் இளையவர்கள் விலகிப் போகாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

கேள்வி: பலகையைச் சொருகி அதன்மேல் ஏறுகிறார்களே, அது எதற்கு? விழுந்துவிட மாட்டார்களா?

பழைய காட்டு மரங்களின் அடிப்பாகம் ரொம்பப் பருத்திருக்கும். அங்கே வெட்டினால் வேலை இரட்டிப்பு. அதனால் மரத்தில் ஒரு பொந்து வெட்டி, இரும்பு முனையுள்ள பலகையைச் சொருகி, அதில் ஏறி நின்று அடுத்த பொந்தை வெட்டி மேலே போவார்கள். பருமன் குறைந்த இடத்தில் நின்று மரத்தைச் சாய்ப்பார்கள். ஸ்பிரிங்போர்ட் அந்த வேலையின் நேர் வாரிசு. டிம்பர்ஸ்போர்ட்ஸில் இரண்டு பலகை, சுமார் 2.8 மீட்டர் உயரத்தில் 27 செ.மீ. கட்டை. ஆஸ்திரேலிய முறையில் இன்னும் உயரம். ஒரு பக்கம் ஏறிப் பாதி வெட்டி, கீழே இறங்கி, மறுபக்கம் மறுபடி பொந்து வெட்டி ஏற வேண்டும்.

விழுவதும் உண்டு. பொந்தின் கோணம் தப்பினால் பலகை ஆடும். பலகை ஆடினால் வெட்டு கோணலாகும். ஸ்பிரிங்போர்டில் நான் முதலில் பார்ப்பது கோடரியை அல்ல, அந்த முதல் பொந்தைத்தான். மூன்று நான்கு வெட்டில் சுத்தமாக ஒரு பொந்து எடுக்கிறவரைப் பார்த்தால் பந்தயத்தின் முடிவு பெரும்பாலும் தெரிந்துவிடும். காலுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். டிம்பர்ஸ்போர்ட்ஸில் அண்டர்ஹேண்டுக்கு இரும்பு வலை பின்னிய காலுறை கட்டாயம்.

கேள்வி: 'ஹாட் சா' என்று ஒரு ராட்சத இயந்திரம் வருகிறதே?

வீரர்களே அமைத்துக்கொள்ளும் செயின்சா. பலவற்றில் பனிச்சறுக்கு வண்டி போன்றவற்றின் எஞ்சின் இருக்கும். 46 செ.மீ. கட்டையில் கீழ், மேல், கீழ் என்று மூன்று வில்லை, 15 செ.மீ.-க்குள். இங்கே தொடக்கத்தில் எஞ்சின் நின்றிருக்க வேண்டும். சமிக்ஞைக்குப் பிறகுதான் கயிற்றை இழுக்கலாம். கிளம்பவில்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது. எனக்கு இதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. கூட்டத்துக்கு இதுதான் பிடிக்கிறது.

கேள்வி: தண்ணீரில் மிதக்கும் கட்டைமேல் இருவர் நின்று ஓடுகிறார்கள். அதற்கும் நடுவர் உண்டா?

உண்டு, ஹேவர்டில் கூட்டம் சேர்வதே அதற்குத்தான். கட்டையைக் காலால் உருட்டி எதிராளியைத் தண்ணீரில் தள்ள வேண்டும். ஐந்தில் மூன்று முறை விழவைத்தவர் ஜெயித்தார். எதிராளியைத் தொடக் கூடாது, கட்டையின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் காலால் தண்ணீரை அவர் முகத்தில் வாரியடிக்கலாம். நேரம் நீண்டுகொண்டே போனால் இன்னும் மெல்லிய கட்டைக்கு மாற்றுவார்கள். மெல்லிய கட்டை வேகமாகச் சுழலும். இருவரும் சேர்ந்தே விழும்போது யார் கால் முதலில் கட்டையை விட்டது என்பதுதான் நடுவருக்குச் சோதனை.

கோடரி எறிவதைப் பற்றிக் கேட்டவருக்கு: 20 அடி தூரம், இருபுறமும் கூருள்ள கோடரி, ஐந்து வளையம் கொண்ட இலக்கு. நடுவில் 5 புள்ளி, வெளியே போகப் போக ஒவ்வொன்று குறையும். குத்தி நிற்காத கோடரிக்கு ஒன்றுமில்லை.

கேள்வி: பெண்கள் இதில் இருக்கிறார்களா?

நன்றாக இருக்கிறார்கள். டிம்பர்ஸ்போர்ட்ஸில் பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு: அண்டர்ஹேண்ட், ஒற்றை ஆள் ரம்பம், ஸ்டாக் சா. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இரட்டைப்பிடி ரம்பத்தை இழுக்கும் 'ஜாக் அண்ட் ஜில்' அமெரிக்காவிலும் இங்கேயும் நடக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள். இரட்டை ரம்பத்தில் இழுக்க மட்டும்தான் வேண்டும். தள்ளினால் தகடு வளைந்து சிக்கும். இருவரில் பலசாலி யார் என்பது அங்கே எடுபடாது, இருவர் மூச்சும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: விளையாட்டுக்காக மரங்களை வெட்டுவது உங்களுக்கு உறுத்தவில்லையா?

நேர்மையான கேள்வி. போட்டிக்கு வருபவற்றில் பாப்லர், பைன் போன்ற வேகமாக வளரும் மரங்கள் நிறைய. அவை இதற்கென்றும் மற்றத் தேவைக்கென்றும் வளர்க்கப்படுபவை. எங்கள் சங்கத்தில் வெட்டி விழும் துண்டு ஒன்றும் வீணாவதில்லை. அன்று மாலையே குளிர்காலத்துக்கு விறகாக ஏற்றிச் செல்வார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன்: மிகப் பெரிய பழைய மரங்களைப் போட்டிக்காக யாராவது கேட்டால் நானும் உங்கள் பக்கம்தான் நிற்பேன். 30 செ.மீ. கட்டையிலேயே ஒருவரின் திறமை முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: ஒற்றை ஆள் ரம்பத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று எதையோ தெளிக்கிறார். அது உதவி ஆகாதா?

அனுமதிக்கப்பட்ட உதவிதான். அந்த ரம்பம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், 46 செ.மீ. கட்டையை நல்ல வீரர்கள் பத்துச் சொச்சம் நொடியில் அறுத்துவிடுவார்கள். நியூசிலாந்தின் ஜேசன் வின்யார்ட் இழுத்ததைப் பழைய காணொளிகளில் தேடிப் பாருங்கள். உலகப் பட்டங்களைப் பலமுறை வென்றவர், 2023 டிசம்பரில் காலமானார். அவ்வளவு வேகத்தில் தகடு சூடேறிக் கட்டைக்குள் பிடித்துக்கொள்ளும். ஆகவே உதவியாளர் எண்ணெய் தெளிக்கலாம், அறுபட்ட வாய் மூடிக்கொள்ளாமல் ஆப்பு வைக்கலாம். ரம்பத்தை இழுக்கவோ தள்ளவோ கூடாது. ஆப்பை எந்த நொடியில் வைப்பது என்பதை வீரரும் உதவியாளரும் முன்பே பேசி வைத்திருப்பார்கள். சீக்கிரம் வைத்தால் நிற்காது, தாமதித்தால் ரம்பம் ஏற்கெனவே சிக்கியிருக்கும்.